நூறு கப்பலுக்கு மூன்று மரம் குறைந்த வரலாறு

அலை ஓயாத் துறையும் கொடை ஓயாக் கையும் உடைய சங்கத்தீவின் வேந்தர், திருமிகு கடலரையர் திருமுன்: கானவள நாட்டரசர் ஆணைப்படி அமைச்சன் ஆதன் விண்ணன் விடுக்கும் ஓலை. தங்கள் பாய்களில் நற்காற்று நிறைக. தங்கள் அடுக்களையில் நெய் குறையாதிருக்க.

ஓராண்டில் நூறு கப்பல் வேண்டுமெனத் தங்கள் தூதர் வந்து கேட்டபோது, இவ்வமைச்சன் தலைகால் புரியாத மகிழ்ச்சியில் அரசரைக் கேளாமலே வாக்களித்துவிட்டான். வாக்குத் தவறும் அமைச்சன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிவைத்து வீடு போவது எம் நாட்டு முறை. வெட்டவிருக்கும் மரத்துக்கு மஞ்சள் கயிறு கட்டுவதும் எம் முறையே. கயிற்றோடு தேக்கங்காட்டில் இறங்கிய ஆட்கள், ஒரு மரம் விடாமல் கட்டிக்கொண்டே போய் மறுபுறத்து வயல்வெளியில் வந்து நின்றனர். அப்போதும் மூன்று மரம் குறைந்தது. இட்ட வேலையைக் குறைவைத்துப் பழகாத அவ்வுத்தமர்கள் அரண்மனைக்குத் திரும்பி, கொலுமண்டபத்துத் தேக்குத் தூண்கள் மூன்றுக்குக் கயிறு கட்டிவிட்டனர்.

அரசர் வந்து பார்த்து, தூணுக்கு யாரோடு திருமணம் என வினவினார். காடுகாக்கும் கொற்றி அழைக்கப்பட்டாள். இவ்வாண்டே காட்டை முடித்துவிட்டால் அடுத்த ஆண்டு தச்சர் எதைச் செதுக்குவர், உழவர் கலப்பைக்கு எங்கே போவர் என்று அமைச்சர் எண்ணியதுண்டோ என அவள் பணிந்து கேட்டாள். தேக்கு முதிர முப்பத்துமூன்று ஆண்டு ஆகுமென்றும், ஆண்டுக்கு மூன்று கப்பலுக்கு வெட்டி அத்தனையும் நட்டுவந்தால் காடும் தீராது, கப்பற்கூடமும் மூடாது என்றும் அவள் விளக்கினாள்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கயிறு அனைத்தையும் அமைச்சனே தன் கையால் அவிழ்த்த பின்னர் மோதிரத்தைக் கழற்றலாம் எனப் பணித்தார். ஒவ்வொரு மரமாக விடுபட விடுபட அமைச்சனுக்கு ஆனந்தம் தாளவில்லை. மரங்களோடு பேசினான், பாடவும் பாடினான். ஒன்பதாம் நாள் வேலை முடிந்தபோது விரல்கள் வீங்கி மோதிரம் கழல மறுத்தது. அதுவே தீர்ப்பென அரசர் அறிவித்தார்.

ஆதலின் தை பிறந்ததும் மூன்று கப்பல்கள் தங்கள் துறை சேரும். ஆண்டுதோறும் அவ்வாறே சேரும். இஃது அரச கட்டளை. நூறாவது கப்பலைத் தங்கள் பெயரர் பெற்றுக்கொள்வார். அதை ஒப்படைக்கவிருக்கும் அமைச்சன் இன்னும் பிறக்கவில்லை. அவன் பொருட்டும் இன்றே முத்திரை இடப்பட்டது.