மூடியில் எழுதிய பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

நேற்று ஆய்வகத்தில் ஒரு சின்னக் கூத்து. குடலில் வாழும் நல்ல கிருமிகள் ஓர் அமிலத்தை வெளியிடும். அது இருந்தால் கெட்ட கிருமி பெட்டிப் பாம்பாய் அடங்கிக் கிடக்கும், இல்லாவிட்டால் படமெடுக்கும். இரண்டு குப்பிகளில் ஒரே கெட்ட கிருமியை வளர்க்கிறேன். ஒன்றில் மட்டும் அந்த அமிலம். நீ மளிகை டப்பாக்களுக்கு மூடியில் பெயர் எழுதுவாயே, அதே பழக்கத்தில் நானும் மூடியில் எழுதினேன். மூடிகள் மாறிப்போயின. அடங்கியதுதானே என்று முகக்கவசம் இல்லாமல் திறந்தேன். ஒரு சொட்டு உதட்டில் தெறித்தது.

"மூடியில எழுதாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று ஆய்வகத் தலைவர் கத்தினார். பிறகு, "சமீபத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டியா?" என்றார்.

போன வாரம்தான் காய்ச்சலுக்குப் பத்து நாள் சாப்பிட்டு முடித்தேன். அது என் வயிற்றின் நல்ல கிருமிகளையும் துடைத்திருக்கும். அதைச் சொன்னதும் அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

இப்போது ஆஸ்பத்திரியில் தனி அறை. லேசான சூடு, அவ்வளவுதான். போன் செய்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் மின்னஞ்சல்.

ஓர் உதவி. சின்ன வயதில் ஓர் ஊசி போட்டதும் எனக்கு முகம் வீங்கி மூச்சு முட்டியதே, அந்த மருந்தின் பெயர் என் பழைய ஃபைலில் இருக்கும். டாக்டர் கேட்கிறார். அவசரமில்லை, ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் போதும். ஃபைல் அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், உள்ளே திறந்து பார்க்கச் சொல் அப்பாவை.

உன் மகள்