காட்சிக்குக் காயும் துணிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், கடை நலம், உன் அம்மாவின் வாய் வழக்கத்தைவிட நலம். நீயும் நலம் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தப்பிக்காதே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் நின்றதா என்று பிரித்து எழுது.

நீ லீவில் வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து வீடு ஒரு நிலையில் இல்லை. அதற்கு முன்னால் தெரு இருக்கும் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வந்து இறங்கியதும் எங்களுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைப்பாய். நம் தெருவில் மாடிக்கு மாடி குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போடுவோமே, அதை யாரோ ஒரு பயணி படம் பிடித்து உலகத்துக்கே காட்டிவிட்டான். இப்போது பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள், அண்ணாந்து பார்த்தபடியே நடந்து சாக்கடையில் கால் விடுகிறார்கள். திட்டவும் மனசு வரவில்லை, நாமும் வெளியூர் போனால் அடுத்தவன் வீட்டு ஜன்னலைத்தானே பார்க்கிறோம். அவர்களைக் கூட்டி வரும் வழிகாட்டி ஒரு வாயாடிப் பயல். கிழிந்த பனியனும் வெளுத்த தலையணை உறையும் தொங்குவதைப் பார்த்து, "ஐயா, படத்துல எடுபடவே மாட்டேங்குது, கலரா ஏதாவது போடச் சொல்லுங்க" என்றான். கயிறும் கிளிப்பும் வாளியும் விற்கிறவன் சும்மா இருப்பேனா? சிவப்பு, மஞ்சள், நீலம் என்று போர்வைகளை மொத்தமாக இறக்கி வீட்டுக்கு வீடு தள்ளிவிட்டேன். ஆக, வெளியே காய்வது நனையாத போர்வை, நனைந்த துணியெல்லாம் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில். சாப்பிட உட்கார்ந்தால் என் சட்டையே என் தலையில் சொட்டுகிறது.

கூத்து அதோடு நிற்கவில்லை. எல்லா வீட்டிலும் ஏன் அதே மூன்று நிறம் என்று ஒரு தொப்பிக்காரி கேட்டாளாம். மொத்த வியாபாரியிடம் அதுதான் இருந்தது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வழிகாட்டிப் பயலோ, சிவப்பு தொங்கினால் வீட்டில் கல்யாணமாகாத பெண் இருக்கிறாள், மஞ்சள் என்றால் குழந்தை பிறந்திருக்கிறது, நீலம் என்றால் தூரம் போனவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள், இது இவர்களுடைய பரம்பரை வழக்கம் என்று அளந்துவிட்டான். சரி, அவன் பிழைப்பு. ஆனால் போன வாரம் இஸ்திரிக் கடைக்காரி வந்து, "மருமக குழந்தையோட ஆஸ்பத்திரியிலேருந்து வந்துட்டா, மஞ்சள் ஒண்ணு குடுங்க, இன்னும் நீலமே தொங்கினா தப்பா நினைப்பாங்க" என்கிறாள். யார் நினைப்பார்கள் என்றேன். "வேற யாரு, நம்ம தெருவுலதான்" என்றாள், சிரிக்காமல். எதிர்வீட்டு பஸ் டிரைவர், மகளுக்கு நிச்சயமான அன்றே சிவப்பை இறக்கிவிட்டார். நானும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு மஞ்சளை எடுத்துக் கொடுத்தேன், விற்கிற சரக்கை நாமே கிண்டல் செய்யக் கூடாது. நம் வீட்டில் என்ன தொங்குகிறது என்று கேட்காதே. தூசி தட்டக்கூட அதை இறக்கவிட மாட்டேன் என்கிறாள் உன் அம்மா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ வருவது தெரிந்ததும் வழிகாட்டிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நீ தெருமுனையில் பெட்டியோடு இறங்கி நடந்து வர வேண்டுமாம், அம்மா படியிறங்கி ஓடிவந்து கட்டிக்கொண்டு அழ வேண்டுமாம், இரண்டு பஸ் கூட்டம் நின்று பார்க்குமாம், கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகுமாம். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். அம்மாவும் முதலில் குஷியாகத்தான் இருந்தாள், கண்ணாடி முன்னால் நின்று எந்தப் பக்கம் முகம் எடுப்பாக இருக்கிறது என்று என்னிடமே கேட்டாள். அந்தப் பயல் ஒத்திகை வேறு வைத்தான், பாட்டியாகிவிட்ட இஸ்திரிக் கடைக்காரியை உன் இடத்தில் நடக்கவிட்டு. அம்மா ஓடிவந்தாள். வெயில் மறைக்குது, இன்னொரு தடவை வாங்கம்மா என்றான். திரும்பப் போய் இன்னொரு தடவை ஓடிவந்தாள். பிறகு உள்ளே வந்து ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, அவ நிஜமா வர்றப்பவும் படம் நல்லா விழலைன்னு இன்னொரு தடவை அழச் சொன்னா நான் என்ன பண்றது? எனக்கு ஒரு தடவைதானே வரும்" என்றாள்.

அதனால் நான் சொல்வதைக் கேள். நீ ஞாயிற்றுக்கிழமை வருவதாகவே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கட்டும், நீ சனிக்கிழமையே வந்துவிடு. டிக்கெட் மாற்றச் செலவானால் ஆகட்டும், வியாபாரியின் மகள் என்று அதற்குக் கணக்குப் பார்க்காதே. தெருப் பக்கம் வராமல் கடைக்குப் பின்னால் சரக்கு இறக்குகிற சந்து வழியாக வா, சுவரில் சட்டை உரசும், பரவாயில்லை. அம்மாவிடம் மூச்சுவிடவில்லை, சொன்னால் நான் திரும்புவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். ஞாயிறு வருகிற கூட்டத்துக்கு இஸ்திரிக் கடைக்காரியே மகளாக வந்து அழட்டும், அவளுக்கு எத்தனை தடவை கேட்டாலும் வரும். பெரிய பெட்டி வேண்டாம், சந்தில் நுழையாது. வழியில் கண்ட தண்ணீரையும் குடித்து வைக்காதே.

நோய் நொடி அண்டாமல், கைநிறைய வேலையும் மனம் நிறைய நிம்மதியுமாக நீ நன்றாக இருக்க வேண்டும். பின்கதவைத் தாழிடாமல் வைத்திருப்பேன். மறக்காதே, உள்ளே வந்ததும் போனைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. நானும் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கயிற்றுக் கடையிலிருந்து,
உன் அப்பா