போஸ்டரில் போட்ட ஆங்கிலம்

என்னைப் பெத்த அம்மா,

நீ போய்ச் சேர்ந்த பிறகு லீவு முடிந்து வேலைக்குப் போகிறேன். வடக்குப்பட்டு பஸ் நிறுத்தத்துச் சுவரில் உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இன்னும் கிழியாமல் இருக்கிறது. கம்பெனி பஸ் ஏறும்போது அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

உன் படத்துக்குக் கீழே 'யூ ஆர் தி ஆப்பிள் ஆஃப் மை ஐ' என்று ஆங்கிலத்தில் போடச் சொன்னது நான்தான். கம்பெனி இங்கிலீஷ் வகுப்பில் படித்தது. உயிருக்கு உயிரானவர்களை அப்படிச் சொல்வார்களாம். ஊர் பார்க்கட்டும் என்று ஒரு பவுசு. "இன்னாடா எழுதிகீது?" என்று அப்பா கேட்டார், சொன்னேன். "அவளுக்குத் தெரிஞ்ச பாஷையில போட்டா இன்னா?" என்றார்.

நேற்று வகுப்பு முடிந்ததும் மேடம் என்னை நிறுத்தினார். பஸ்ஸிலிருந்து போஸ்டரையும் அதில் என் பேரையும் பார்த்தாராம். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அர்த்தம் சரிதான் தம்பி. ஆனா அதைப் பெரும்பாலும் பெத்தவங்கதான் பிள்ளையைப் பார்த்துச் சொல்லுவாங்க. நாம கண்ணுன்னு கூப்பிடறோமே, அந்த மாதிரி."

எனக்குச் சுரீரென்றது. அதே கம்பெனியில் நீ ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்த புதிதில், கேண்டீன் மேசையைத் துடைத்துக்கொண்டே "கண்ணு, சாப்ட்டியா?" என்று கேட்டாய். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன், அங்கே அப்படிக் கூப்பிடாதே, என் மானம் போகுது என்று. நீ ஏம்மா என்னைத் திட்டவில்லை? மறுநாள் "சார், சாப்ட்டீங்களா?" என்றாய். கடைசி வரைக்கும் அங்கே நான் உனக்கு சார்தான். நானும் கூச்சமே இல்லாமல் தலையாட்டினேன்.

இன்று அதே மேசையில் சாப்பிட்டோம். என் லைனில் வேலை பார்க்கிற தூத்துக்குடிப் பையன், ஒரகடத்தில் ரூம் எடுத்திருப்பவன், "அண்ணே, இங்க தொடைக்கிற அம்மாவ எங்க, ஆளையே காணல?" என்றான். அம்மா இறந்துவிட்டார் என்றுதான் லீவு கேட்டிருந்தேன். எந்த அம்மா என்று அவர்களுக்குத் தெரியாது. நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றினேன். சீ, நானெல்லாம் ஒரு பிள்ளையா?

போஸ்டரைக் கிழிக்க மாட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு லைன் பசங்களை எல்லாம் நாளைக்கே கூப்பிடப் போகிறேன். அந்த மேசையிலேயே, நீ துடைத்த இடத்தில் கை வைத்து, அது என் அம்மா என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன். இது சத்தியம்.

யார் எதிரில் கூப்பிட்டாலும் இனித் திரும்பிப் பார்க்கும்,
உன் கண்ணு.