கொஞ்சம் கரண்டை ஏற்று

அடியே,

இதை எழுதும்போது கண்ணில் நீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. உன்னை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொள்ளாதே. வெல்டிங் வெளிச்சம் அடித்த கண். காலையில் மணலை அள்ளிப் போட்டாற்போல எரிந்தது, இமையைத் திறக்க முடியவில்லை. என் மாமியார் குழம்புக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கை முணுமுணுத்துக்கொண்டே வில்லையாக நறுக்கி இரண்டு கண்ணிலும் வைத்துவிட்டார். அந்தப் பச்சைக் கிழங்கு வாசனை மூக்கில் ஏறியதுமே நீ வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாய்.

பொன்னேரியில் இலவசமாக வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நாம் போன முதல் வாரம் இப்படித்தான் உன் வீட்டுத் தரையில் கிடந்தோம், கண்ணில் கிழங்கோடு. "பொரிச்சித் துன்ன வேண்டியதுடி, வீணாப் போவுது" என்று சொல்லி உன் கண்ணிலிருந்த வில்லை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். கடித்த பிறகு முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத்தான் கண் இல்லை. சத்தத்தை வைத்தே சிரித்தேன்.

வகுப்பில் நாம் இரண்டு பேர்தான் பெண்கள். நான் லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு காயவைக்கிறவள். நீ பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏரிச் சேற்றில் கையாலேயே இறால் தடவுகிறவள். வெல்டிங் அடிக்கும்போதும் வாயில் பறி இருக்கிற மாதிரியே பல்லைக் கடித்துக்கொள்வாய். "பறி எங்கடி?" என்று கேட்டால் அடிக்க வருவாய்.

நம் இரண்டு பேருக்கும் மிஷின் ஒத்துவரவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? நீ எடுத்த எடுப்பில் கரண்டை ஏற்றிவிடுவாய், தகடு ஓட்டையாகிவிடும். நான் ஓட்டை விழுமே என்று பயந்து குறைத்து வைப்பேன், வெல்டிங் ராடு போய்த் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வராது. வாத்தியார் பொறுமை இழந்து இரண்டு பேரையும் ஒரே மிஷினுக்குத் தள்ளிவிட்டார். நீ ஏற்ற, நான் இறக்க, சம்பந்திச் சண்டை மாதிரி கரண்டுக் குமிழைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்போம். கடைசியில் அது வந்து நிற்கிற இடம் பெரும்பாலும் சரியாக இருந்துவிடும்.

உப்புக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கடல்காற்றில் ராடு நமுத்துப்போகிறது, காயவைத்துப் பயன்படுத்துங்கள் என்று வாத்தியார் சொன்னார். மீனிலிருந்து ஈரத்தை இழுக்கிற உப்பு ராடிலிருந்து இழுக்காதா என்று எனக்குப் பெரிய யோசனை. கருவாட்டுத் தொட்டியில் உப்புக்குள் ஒரு பாக்கெட் ராடைப் புதைத்து வைத்தேன். நீயும் "செம ஐடியாடி" என்று தலையாட்டினாய். மறுநாள் ராடு பட்டாசாக வெடித்தது, மேல்பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. வாத்தியார் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ராட கருவாடு போட்டுட்டீங்களாம்மா?" என்றார். அதற்குப் பிறகு வகுப்பு முடியும்வரை நாம் கருவாட்டு வெல்டர்கள்தான்.

பழவேற்காடு கடைத்தெரு ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டோம். கேட்டு, ஜன்னல் கம்பி, சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் வந்தன. படகு வேலை மட்டும் வரவில்லை. என் வீட்டுக்காரர் போகிற ஃபைபர் படகின் சொந்தக்காரர் தேசப்பன் அண்ணன் ஒருநாள் கை உடைந்த நங்கூரத்தோடு வந்து நின்றார். கொட்டகையில் ஆண் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "பொம்பள பத்த வெச்ச நங்கூரத்த நம்பி எப்டிம்மா கடல்ல நிக்கிறது?" என்றார். நீ முகத்தில் பிடித்திருந்த ஷீல்டைக்கூட இறக்காமல், "உன்னியப் பெத்ததும் ஒரு பொம்பளதாண்ணே. நீ இன்னா ஒடஞ்சா பூட்ட?" என்றாய். அவரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் நீ சிரிக்கவில்லை. "ஒரே ஒரு நங்கூரமாச்சும் நம்ம கையால கடல்ல எறங்கணும்டி" என்றாய். அது இறங்குவதற்குள் மஞ்சள் காமாலை வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு பேராகத் திறந்த கொட்டகையைத் தனியாகத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. நீ போனதில் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

திரும்ப ராடைப் பிடிப்பேன் என்று நினைக்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரம், எல்லாப் படகும் கடலுக்குத் தயாராகிறது. கடைத்தெரு வெல்டர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். தேசப்பன் அண்ணனின் நங்கூரமோ துருப்பிடித்துக் கையெல்லாம் இற்றுப்போய்க் கிடந்தது. அவர் எங்கள் வாசலில் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "நீ இன்னும் அந்த வேல செய்றியாம்மா?" என்று கேட்டார். செய்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. மறுநாளே பொன்னேரிக்கு ஓடினேன். நம் பழைய மிஷினை நகர்த்த நாலு ஆள் வேண்டும். இப்போது கைக்கு அடக்கமாக இன்வெர்ட்டர் மிஷின் என்று ஒன்று வந்திருக்கிறது, அதை வாங்கித் திருப்பாலைவனம் வழியாக வருகிற பஸ்ஸில் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். குமிழைத் திருப்பினால் நம்பர் சிவப்பாக எரிகிறது. நீ பார்த்திருந்தால் விடியவிடியத் திருப்பிக்கொண்டே இருந்திருப்பாய்.

நம்பர் தெரிந்துவிட்டால் வேலை சுலபம் என்று நினைத்தேன். பத்தாம் நம்பர் ராடுக்கு எவ்வளவு கரண்டு வைக்கலாம் என்று மிஷின் பெட்டியிலேயே போட்டிருந்தது. அதில் இருப்பதிலேயே சின்னதைப் பிடித்தேன், தொண்ணூறு. வீட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் மெல்லிசு ஒயரை இழுத்திருந்தேன். நேரமோ சாயங்காலம், குப்பம் முழுக்க டிவி, ஃபேன், ஐஸ் பெட்டி எல்லாம் ஓடி வோல்டேஜ் இறங்குகிற நேரம். மிஷினில் தொண்ணூறு எரிகிறது, ராடு நுனியில் அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் புதுக் கம்பியைக் கைகளாக வளைத்து ஒட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சந்தேகத்துக்கு ஒரு சுத்தியல் போட்டேன். நங்கூரத்தின் கை ஒன்று கழன்று மணலில் விழுந்தது. உருகின இரும்பு உள்ளே இறங்காமல் மேலேயே குந்திக்கொண்டிருந்திருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படகில் என் வீட்டுக்காரரும் போகிறார். முகத்துவாரத்தில் நங்கூரம் விட்டுப்போனால் படகு நேராக மணல்திட்டில் போய் மோதும். முடியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட எழுந்தேன். அப்போது நீ கத்தினது எனக்கு நிஜமாகவே கேட்டது. "பயந்தா மேலதான்டி ஒட்டும்!"

மறுநாள் மத்தியானம், ஊர் தூங்குகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். மிஷினை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துத் தடித்த ஒயர் போட்டேன். நங்கூரக் கம்பியைப் பளபளக்கிற வரைக்கும் தேய்த்தேன். எர்த் கிளிப்பையும் துருவில் மாட்டாமல் தேய்த்த இடத்தில் மாட்டினேன். பிறகு நீயும் நானும் சண்டை போட்டோம். நூறு என்றேன், ஏற்று என்றாய். நூற்றுப் பத்து, இன்னும் ஏற்று என்றாய். ஒவ்வொரு தடவையும் வேண்டாத கம்பியில் அடித்து, ஷீல்டைத் தூக்கிப் பார்த்து, திரும்ப அடித்தேன். கண் கெட்டது அதில்தான். நூற்று இருபத்தைந்தில் இரும்பு உருகி உள்ளே இறங்குவது தெரிந்தது. ஓட்டை விழவில்லை. நங்கூரத்தின் நாலு கையையும் அதில் ஒட்டிவிட்டுக் கை ஓய்கிறவரை சுத்தியலால் அடித்தேன்.

இன்று விடிவதற்கு முன் படகு போனது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தவளுக்குக் காது மட்டும்தான் மிச்சம். காற்று ஏறிக்கொண்டே போவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வெயில் உச்சிக்கு ஏறினபிறகு வாசலில் தொப்பென்று இரும்பு விழுந்தது. தேசப்பன் அண்ணன் குரல். "வரும்போது முகத்துவாரத்துல இன்ஜின் நின்னு போச்சிம்மா. காத்து தள்ளினு போவுது. இதத்தான் போட்டோம். கல்லுல மாட்டி நின்னுக்கிச்சி. இன்ஜினு திரும்பப் புடிக்கிற வரைக்கும் இதுதான் நிறுத்தி வெச்சிது."

எழுந்து போய்த் தரையில் உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். விரல் தடிமன் கம்பி, ஒரு கை வளைந்து மடங்கியிருந்தது. அது சேருகிற இடத்தில் விரலை வைத்தேன். நான் ஒட்டின மேடு ஒட்டினபடியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. "கம்பி வளஞ்சிக்கிச்சி, உன் ஒட்டு அசையல" என்றார் அவர். "நாளிக்கே நிமித்திக் குடு. என் மச்சான் படகுக்கும் ஒண்ணு ஓணுமாம்." என் வீட்டுக்காரர் ஈரக் கையை என் தலையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

உன்னிடம் உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குத்தான் கண் எரிய எரிய உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு மிஷின் முன்னால் உட்காரும்போது எனக்குப் பயம் வரும், அது என்னைவிட்டுப் போகவில்லை. நீ இருந்தவரை ஏற்றுவதை உன்னிடம் விட்டுவிட்டு இறக்குகிற வேலையை மட்டும் நான் வைத்திருந்தேன். இப்போது இரண்டும் என் கையில்தான் இருக்கின்றன. பயந்துகொண்டுதான் ஏற்றுவேன். ஆனாலும் ஏற்றுவேன்டி.