ஜோஸ் கேட்ட பாட்டு

சாம்பியன் ரீப்ஸ்
ஞாயிறு

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. லண்டன் குளிரில் ஆண்டவர் உன்னைச் சுகமாக வைத்திருக்க வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம். புதிதாக எதையும் வாசித்து அனுப்பவில்லையே என்று நீ அப்பாவைக் கேட்டதற்கு, சாக்ஸபோன் ரிப்பேரில் இருக்கிறது என்றாரே, அது பொய். உடைந்தது அவர் வாய்.

போன மாதம் பக்கத்து நந்திதுர்க்கில் நளினிக்குக் கல்யாண ரிசப்ஷன், நம் ஏனோக் மாமாவின் மகள்தான், மாமா செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அப்பாவின் பேண்டுதான் வாசித்தது, உன் தம்பி ஆஸ்டின் டிரம்ஸ். மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரிக்கார்டில் போடுவாரே, அந்த அமெரிக்கக் கறுப்பர் உருகிப் பாடும் பழைய சோல் பாட்டு, அதை வாசிக்கச் சொல்லி நளினியின் அண்ணன் ஜோஸ் கேட்டான். உன் அப்பா எந்தப் பாட்டை ரிக்கார்டில் உள்ளபடி வாசித்திருக்கிறார்? ஜாஸாக மாற்றி, மெட்டைக் கொஞ்சம் காட்டி, அதை விட்டு எங்கெங்கோ போய், ஜனங்கள் மறந்த நேரத்தில் திரும்பி வருவார். அன்றைக்கும் அப்படித்தான் போனார், திரும்பி வருவதற்குள் ஜோஸ் மேடையேறிவிட்டான். குடித்திருந்தான், அழுதுகொண்டும் இருந்தான். "எங்கப்பா பாட்ட இன்னாத்துக்கு இப்டி கொல்ற, இருக்கிற மாதிரி வாசி" என்றான். அப்பா கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தார், காதில் விழவில்லை என்கிறார். ஜோஸ் சாக்ஸபோனை இரண்டு கையாலும் பிடித்து அவர் முகத்துக்குள்ளேயே ஒரு தள்ளு தள்ளினான். முன்பல் இரண்டும் அங்கேயே விழுந்தன, உதடு மூக்குவரை பிளந்தது. விழுந்தவரை மிதிக்கவும் மிதித்தான்.

ஆஸ்டின் டிரம்ஸ் பக்கத்திலிருந்த இரும்புச் சிம்பல் ஸ்டாண்டைத் தூக்கி அடித்தான். முதல் அடியிலேயே ஜோஸ் சாய்ந்துவிட்டான், நான் என் கண்ணால் பார்த்தேன். இவன் நிறுத்தவில்லை. ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன், முழங்கையால் என் விலாவில் இடித்துத் தள்ளிவிட்டு மறுபடி மறுபடி முகத்திலேயே அடித்தான். நளினியின் வெள்ளைக் கவுன் முழுக்க அண்ணன் ரத்தம். எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோதே ஆஸ்டின் ஓடிவிட்டான்.

பெங்களூரில் ஆபரேஷன் செய்தும் ஜோஸுக்கு இடது கண் போய்விட்டது. அடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நளினி ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "ஆஸ்டின் எங்க ஆன்ட்டி" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியும், சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். திரும்பும்போது பங்காருபேட்டையில் இறங்கி அவன் சிநேகிதன் திலீப் வீட்டுக்குப் போனேன், அங்கேதான் பதுங்கியிருந்தான். அக்காவிடம் சொல்லி வெளிநாட்டுக்கு வழி பார்க்கச் சொன்னான். போலீஸ் ஸ்டேஷனுக்கு வா என்றேன். கதவை உதைத்தான், சாப்பாட்டுத் தட்டை வீசினான், அப்பாவை அடித்தவனை அடித்தது தப்பா, நீ அம்மாவா போலீசா என்று கத்தினான். "மொத அடி அப்பாவுக்கு. மீதி அடியெல்லாம் யாருக்குடா" என்றேன். வீசிய தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். நானே கூட்டிப்போய் ஒப்படைத்தேன். ஜோஸ் மேலேயும் கேஸ் போட்டிருக்கிறார்கள். அப்பா அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை, காபி வைத்தால் குடிக்கிறார், அவ்வளவுதான்.

நீ பதறிக்கொண்டு டிக்கெட் போடாதே. அப்பாவை வீடியோவில் வரச் சொல்லாதே, பல் கட்டும்வரை விடு. ராத்திரி பாடும் வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, வேளைக்குச் சாப்பிடு.

நேற்று ஜெயிலில் ஆஸ்டினைப் பார்த்தேன். இளைத்துவிட்டான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், அவன் "ஜோஸுக்கு இன்னொரு கண்ணு தெரியுதாம்மா" என்றான். தெரியுது என்றேன். கம்பிவலையில் நெற்றியை முட்டிக்கொண்டு, காவலர் வந்து தோளைத் தொடும்வரை அழுதான். அவனுக்கு நாலு வரி எழுது, திட்டி எழுதாதே, மறந்துவிடாதே.

ஆண்டவர் உன்னையும் உன் குரலையும் காக்கட்டும்.

உன் அம்மா
மரியகுழந்தை