பிள்ளையைத் தரமாட்டாள்

பிலடெல்ஃபியா, 1991

அக்டோபர் 3
மனநல டாக்டர் ஃபெல்ட்மன் இன்றும் அதே பாட்டு. "அது நடந்த விஷயமா, உங்க மனசு சொல்றதா, மிஸஸ் கேஹில்? என்ன ஆதாரம்?" நான் சொன்னது ஒன்றுதான்: என் மகள் பிரிஜெட், பிறந்த பிள்ளையை என் கையில் தரமாட்டாள். அதை நினைத்தால்தான் கை பாட்டிலுக்குப் போகிறது. ஆதாரமாம். எனக்கு என் மகளைத் தெரியாதா?

வீட்டுப்பாடம் வேறு. பயப்படுவதை எழுதிவைத்து, போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டும். எழுதினேன். ஒன்று, கேட்டால் தரமாட்டாள். இரண்டு, தராவிட்டால் அன்றே குடிப்பேன்.

அக்டோபர் 5
கேட்கவில்லை. தைரியமில்லை.

அக்டோபர் 8
கேட்டுத் தொலைத்தேன். அவள் வீட்டு வாசலில் கட்டிக்கொண்டாள். பாசமென்று நினைத்தால் நான் முட்டாள் — வாயை மோந்து பார்க்கிறாள். எப்போதும் அப்படித்தான்.

"டெக்லனைக் கொஞ்சம் தூக்கிக்கட்டுமா?"

"வேணாம்மா."

"குடிக்கிறத விட்டுட்டேன்டி. மோந்து பாத்தியே."

"மூத்தவ மோலியத் தூக்கிட்டுப் படியில விழுந்த அன்னிக்குக் காலைலயும் இதத்தான் சொன்ன."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மதுக்கடைகள். இறங்கவில்லை. வீட்டில் சூப்பைச் சூடாக்கி, அப்படியே கொட்டிவிட்டேன்.

அக்டோபர் 10
"ஆதாரம் கேட்டீங்களே, இந்தாங்க" என்றேன். டாக்டர் முகம் செத்துப்போயிற்று. "அவ தந்துடுவான்னு நானும் ஆதாரமில்லாமத்தான் நம்பிட்டேன்" என்றார். ஆனாலும் விடவில்லை மனுஷன். "ரெண்டாவதா எழுதினது?"

குடிக்கவில்லை என்றேன். சிரித்திருந்தால் அறைந்திருப்பேன். சிரிக்கவில்லை.

குடிக்காமல் இருந்து எனக்கென்ன கிடைத்தது? வெறுங்கை.

அக்டோபர் 20
டெக்லனுக்கு ஞானஸ்நானம். பிறகு வீட்டில் பிள்ளை கைமாறிக்கொண்டே வந்தது. பிரிஜெட்டின் மாமியார், நாத்தனார், யாரோ பக்கத்து வீட்டுக்காரி. என்னைத் தாண்டிப் போயிற்று. எல்லோரும் தட்டிலிருந்த ஹாம் சாண்ட்விச்சையே பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் பீரை நீட்டி, "ஒண்ணு குடிச்சா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றான். இவன் கையில் பிள்ளையைத் தந்தாள்.

டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நவம்பர் 17
பிரிஜெட் வந்தாள். கட்டிக்கொண்டாள், மோந்தாள். ஒரு கையில் டெக்லன், தோளில் அவன் பை. காருக்குள் மோலி அழுதுகொண்டிருந்தாள். "இந்தாம்மா, கொஞ்சம் பிடி" என்றாள். கையை நீட்டினேன்.

பையைத் தந்தாள்.

அவள் மோலியைச் சமாதானம் செய்துவிட்டு வரும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. பால் வாசம் அடித்தது.