கயிறு கட்டிய கதவு

பிளாக் 18, நெய்வேலி
ஆகஸ்ட் 3

அன்புள்ள தமிழ்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நடுக்கடலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். குள்ளஞ்சாவடி செல்வகுமார் நாளை மறுநாள் கொச்சியில் உன் கப்பலில் வேலைக்கு ஏறுகிறானாம், அம்மாவின் முறுக்கோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். நேற்றும் சொல்ல வந்து, சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நீ கப்பல் என்ஜினியராகப் போனதிலிருந்து கப்பல் படம் போட்ட எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுகிறேன். போன மாதம் புத்தகக் கண்காட்சியில் ஜட்லாந்து கடற்போரைப் பற்றி இரண்டு புத்தகம் வாங்கினேன், 1916இல் இங்கிலீஷ்காரனும் ஜெர்மன்காரனும் போட்ட சண்டை. ஒருவர் ஒரு அட்மிரலைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார், இன்னொருவர் அதே ஆளைக் கிழி கிழியென்று கிழிக்கிறார், யார் ஜெயித்தது என்பதில்கூட ஒத்துப்போகவில்லை. டீக்கடைச் சண்டை மாதிரி இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே படித்தேன். ஒன்றில் மட்டும் இரண்டும் ஒன்றாகச் சொல்கின்றன. வேகமாகச் சுட வேண்டும் என்று வெடிமருந்து அறைக்குப் போகிற தீத்தடுப்புக் கதவுகளைத் திறந்தே போட்டிருந்தார்களாம். குண்டு விழுந்து பிடித்த நெருப்பு அந்த வழியாக உள்ளே இறங்கி இங்கிலீஷ்காரனின் மூன்று பெரிய கப்பல்கள் வெடித்துப்போயின, ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரலில் நீ போன் செய்தாயே, என்ஜின் ரூம் தீக்கதவக் காத்துக்காகக் கயிறு போட்டுத் திறந்தே கட்டி வச்சிருக்காங்கப்பா, மூடியிருக்குன்னு செக்லிஸ்ட்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்க, என்ன செய்யட்டும் என்று. எல்லாரும் போடறதுதானே, பெரியவங்களப் பகைச்சிக்கினு அடுத்த கான்ட்ராக்ட் எப்படிக் கெடைக்கும், போட்டுட்டுப் போ என்றேன். பதினேழு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, வாயைத் திறக்காமலே பர்மனென்ட் ஆனவன் வேறு என்ன சொல்வான். சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தச் சரிப்பா என் காதை விட்டுப் போகவில்லை. பயந்தது நீயில்லை தமிழு, நான்தான். என்னாங்க சொன்னீங்க பொண்ணுக்கு என்று அம்மா கேட்டதற்கு, பொய்யாக் கையெழுத்துப் போடாதன்னு சொன்னேன் என்று கூசாமல் புளுகினேன். அவள் அதை எதிர்வீட்டுப் பட்டம்மாள் வரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இன்று காலை அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். மாவுக் கையோடு எழுந்து வந்து, மொதல்ல அத அவளுக்கு எழுதுங்க என்று பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

அப்பா சொன்னது தப்பு, மன்னித்துவிடு. இதைப் படித்ததும் போய் அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல். அவர்கள் மாட்டோமென்றால் செக்லிஸ்டில் கதவு திறந்திருக்கிறது என்றே எழுது. வேலையை விட்டு இறக்கினால் இறங்கி வா, இங்கே உனக்குச் சோறு இருக்கிறது, வீடு இருக்கிறது. செல்வகுமார் நல்ல பையன், அவனையும் சாட்சிக்கு வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, முறுக்கை எல்லோருக்கும் கொடு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

அந்தச் செக்லிஸ்டில் நான் எங்கேயும் இல்லை, உன் பெயர்தான் இருக்கிறது. அதனால் எப்போதும்போல வெறும் அப்பா என்று போடாமல் முழுசாகப் போடுகிறேன், யார் கேட்டாலும் இந்தக் கடிதத்தைக் காட்டு. உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னவன்,

சோ. பன்னீர்செல்வம்